அணைவுச் சேர்மங்களில் மாற்றியம்: எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே தவறுவது

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலும் இளநிலை முதலாண்டு வேதியியலும் சொல்லிக்கொடுக்கிறேன். அணைவுச் சேர்மம் என்றால் நடுவில் ஓர் உலோகம், அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஈனிகள் எனும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள். வாய்பாடு ஒன்றாகவே இருந்து அமைப்பு மட்டும் மாறினால் அவை மாற்றியங்கள். அணைவு வேதியியல் பாடம் வந்துவிட்டால் ஆண்டுதோறும் ஒரே காட்சிதான். வாய்பாட்டைப் பார்த்த மறுநொடியே மாணவர்கள் எண்முகி (உலோகத்தைச் சுற்றி ஆறு மூலைகள்) வரைந்து, இரண்டு குளோரினைப் பக்கத்திலும் எதிரிலும் வைத்து, 'சிஸ், டிரான்ஸ், ஆக இரண்டு' என்று முடித்துவிடுவார்கள். கேள்வியில் ஆறு மாற்றியங்கள் இருந்திருக்கும்.

வகைகளின் பெயர்கள் அவர்களுக்குத் தெரியும். எதை முதலில் கேட்பது என்பதுதான் தெரியாது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். இரண்டாம் படியிலிருந்து ஐந்தாம் படி வரை எந்த அணு எதோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கிறோம். அது முடிந்த பிறகே இடவமைப்புக்குப் போகலாம், ஏனென்றால் இணைப்பு மாறினால் வேறொரு சேர்மம் பிறக்கிறது, அதற்குத் தனியாக இடவமைப்புகள் இருக்கும்.

1. முன்னதாகத் தேவையானவை

ஆக்சிசனேற்ற எண், அணைவு எண் (உலோகத்தைச் சுற்றி ஈனிகள் பிடிக்கும் இடங்களின் எண்ணிக்கை), ஈனியின் மின்சுமை ஆகிய மூன்றையும் தயங்காமல் கணக்கிட வேண்டும். இதில் தடுமாற்றம் இருந்தால் இந்தப் பாடத்தை மூடிவைத்துவிட்டு அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். அம்மோனியாவும் நீரும் மின்சுமை அற்றவை. குளோரைடு, புரோமைடு, சயனைடு, நைட்ரைட்டு ஆகியவற்றுக்கு எதிர் ஒன்று. சல்பேட்டுக்கும் ஆக்சலேட்டுக்கும் எதிர் இரண்டு. எத்திலீன்டையமீனுக்கு மின்சுமை இல்லை, ஆனால் அது இரண்டு இடங்களைப் பிடிக்கும்.

அடுத்து, கையில் பிடிக்க ஒரு மாதிரி. ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்று, பல் குத்தும் குச்சிகள் ஆறு, பாசிமணிக் கடையில் மூன்று நிறங்களில் மணிகள், வளைக்கக்கூடிய மெல்லிய கம்பி கொஞ்சம். பழம்தான் உலோகம், மணிகள் ஈனிகள். பழம் கனிந்திருந்தால் சாறு கசிந்து குச்சி சாயும்; அப்போது உருளைக்கிழங்கு மேல். (ஆரஞ்சில் ஒரு சிக்கல் உண்டு: வகுப்பு முடிவதற்குள் யாராவது கோபால்ட்டை உரித்துத் தின்றுவிடுகிறார்கள்.) தாளில் வரைந்த படத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, திருப்பிப் பார்க்காமல் இந்தப் பாடத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாதிரி கேட்பது அதனால்தான்.

2. அடைப்புக்குறிக்கு உள்ளே எது, வெளியே எது

சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது அணைவுக் கோளம். வெளியே இருப்பது எதிர் அயனி (அணைவின் மின்சுமையைச் சமன்செய்யும் அயனி) அல்லது படிகநீர் (உலோகத்தோடு இணையாமல் படிகத்தில் இருக்கும் நீர்). நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, உள்ளே இருப்பவற்றை இடப்பக்கமும் வெளியே இருப்பவற்றை வலப்பக்கமும் எழுதுங்கள்.

இப்போது முதல் கேள்வி: வெளியே உள்ளது உள்ளே போய், உள்ளே உள்ள ஒன்று வெளியே வர முடியுமா? முடிந்தால் அயனியாதல் மாற்றியம் உண்டு. கோபால்ட்டோடு ஐந்து அம்மோனியாவும் ஒரு புரோமைடும் உள்ளே, சல்பேட்டு வெளியே என்றால் சேர்மம் ஊதா நிறம். சல்பேட்டு உள்ளே, புரோமைடு வெளியே என்றால் சிவப்பு. இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, கோபால்ட்டின் ஆக்சிசனேற்ற எண்ணும் கூட்டல் மூன்றுதான்.

இங்கே அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று: இடம் மாற்றும்போது அணைவு எண்ணைக் காற்றில் விட்டுவிடுவது. புரோமைடு வெளியேறினால் காலியாகும் இடம் ஒன்று. அதில் சல்பேட்டு ஒரே முனையால் அமர்கிறது. எண்ணிக்கை ஆறிலேயே நிற்க வேண்டும்.

வெளியேறுவதும் உள்ளே வருவதும் நீராக இருந்தால் அது நீரேற்ற மாற்றியம். குரோமியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டு இதற்கு எல்லாப் புத்தகங்களிலும் வரும் எடுத்துக்காட்டு. ஆறு நீரும் உள்ளே இருப்பது ஊதா. ஐந்து நீர், ஒரு குளோரைடு உள்ளே இருப்பது நீலப் பச்சை. நான்கு நீர், இரண்டு குளோரைடு உள்ளே இருப்பது கரும்பச்சை. ஆய்வகப் புட்டியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். மூன்றாவதில் மிச்சமுள்ள இரண்டு நீரும் எங்கே என்று கேட்டால் பாதி வகுப்பு விழிக்கும். அவை வெளியே படிகநீராக இருக்கின்றன. அடர் கந்தக அமிலம் உறிஞ்சிக்கொள்வது அந்த வெளி நீரை மட்டுமே. ஆகவே முதல் சேர்மம் ஒன்றும் இழக்காது, இரண்டாவது ஒரு நீரையும் மூன்றாவது இரண்டு நீரையும் இழக்கும்.

கணக்காக வந்தால் இப்படி. 2.665 கிராம் குரோமியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டு, மிகுதியான வெள்ளி நைட்ரேட்டோடு 2.87 கிராம் வெள்ளி குளோரைடைத் தருகிறது. மூலக்கூறு எடை 266.5, ஆகவே எடுத்தது 0.01 மோல். வெள்ளி குளோரைடின் எடை 143.5, கிடைத்தது 0.02 மோல். வெளியே இரண்டு குளோரைடு, உள்ளே ஒன்று. ஐந்து நீர் உள்ளே உள்ள நீலப் பச்சைச் சேர்மம்தான் அது.

3. சோதனைக் குழாயில் சரிபார்க்கும்போது

வெளியே உள்ள அயனி மட்டுமே உடனே வீழ்படிவு தரும் என்பதுதான் அடிப்படை. சல்பேட்டு வெளியே இருந்தால் பேரியம் குளோரைடோடு வெள்ளை வீழ்படிவு. ஹாலைடு வெளியே இருந்தால் வெள்ளி நைட்ரேட்டோடு வீழ்படிவு: குளோரைடு வெள்ளை, நீர்த்த அம்மோனியாவில் கரையும், புரோமைடு வெளிர் மஞ்சள், அதில் அரைகுறையாகவே கரையும்.

ஒருமுறை மாணவர்கள் ஆறு பேர் செய்த சோதனையில் ஆறு குழாயிலும் வெள்ளையாகக் கலங்கியது. எந்தச் சேர்மத்தை எடுத்தாலும் 'வெளியே குளோரைடு' என்று எழுதினார்கள். காரணம் சேர்மம் அல்ல. கரைக்க எடுத்தது மொட்டை மாடித் தொட்டியில் இருந்த போர்வெல் தண்ணீர். அதில் உள்ள குளோரைடே வெள்ளியைப் பிடித்துக்கொண்டது. வாலைவடிநீரைத் தவிர வேறு நீரைத் தொடாதீர்கள். சேர்மம் இல்லாத வெறும் நீரிலும் ஒரு துளி வெள்ளி நைட்ரேட்டு விட்டு முதலில் பாருங்கள்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. வெள்ளி நைட்ரேட்டு விடுமுன் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி சேர்க்க வேண்டும், இல்லையேல் கார்பனேட்டு இருந்தாலும் வெள்ளை வீழ்படிவு வந்து ஏமாற்றும். பேரியம் குளோரைடு விட்ட குழாயிலேயே வெள்ளி நைட்ரேட்டையும் விடக்கூடாது; நீங்களே ஊற்றிய குளோரைடு வீழ்படிவாகி நிற்கும். தனித்தனிக் குழாய் எடுங்கள். கடைசியாக, கரைசலைப் புதிதாகத் தயாரித்து, சூடாக்காமல், உடனே பாருங்கள். கோபால்ட்டும் குரோமியமும் கூட்டல் மூன்று நிலையில் ஈனிகளை மெதுவாகவே விடும், ஆனால் விடாமல் இருக்காது. பச்சைக் குரோமியம் குளோரைடுக் கரைசலை வெகுநேரம் வைத்திருந்தால் உள்ளிருந்த குளோரைடு வெளியேறி நிறமே மாறத் தொடங்கும்.

வெள்ளி நைட்ரேட்டு கையில் பட்டால் கறுக்கும், சில நாள் போகாது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வெள்ளி புதிதல்ல. ஆனால் அவர்களும் கையைக் கறுப்பாக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

4. இரண்டு பக்கமும் அணைவுக் கோளமா

நேர்மின் அயனி, எதிர்மின் அயனி இரண்டுமே அணைவாக இருந்தால் மட்டும் இந்தக் கேள்வி. கோபால்ட்டோடு ஆறு அம்மோனியா, குரோமியத்தோடு ஆறு சயனைடு என்று ஒரு சேர்மம். குரோமியத்தோடு ஆறு அம்மோனியா, கோபால்ட்டோடு ஆறு சயனைடு என்று இன்னொன்று. ஈனிகள் உலோகங்களுக்கிடையே வீடு மாறின. இது அணைவு மாற்றியம்.

பெயரைப் பார்த்து ஏமாந்து, எல்லா அணைவுச் சேர்மங்களுக்கும் அணைவு மாற்றியம் உண்டு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எதிர் அயனி வெறும் குளோரைடாக இருந்தால் இதற்கு வழியே இல்லை. ஒரே நொடியில் கடந்துபோக வேண்டிய படி இது.

5. எந்த அணு வழியாக ஈனி இணைகிறது

நைட்ரைட்டு, தயோசயனேட்டு இரண்டில் ஒன்று உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரைட்டு நைட்ரசன் வழியாகவும் இணையும், ஆக்சிசன் வழியாகவும் இணையும். தயோசயனேட்டுக்குக் கந்தகம் ஒரு முனை, நைட்ரசன் இன்னொரு முனை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். இது இணைப்பு மாற்றியம்.

ஐந்து அம்மோனியாவோடு கோபால்ட்டு, நைட்ரைட்டை நைட்ரசன் வழியாகப் பிடித்தால் மஞ்சள். ஆக்சிசன் வழியாகப் பிடித்தால் சிவப்பு. சிவப்புச் சேர்மம் நாள்பட வைத்திருந்தால் தானாகவே மஞ்சளாகிவிடும், ஏனென்றால் இங்கே நைட்ரசன் பிணைப்புதான் நிலையானது.

தவறு எங்கே வரும் என்றால், இரண்டு வழங்கி அணுக்கள் (உலோகத்தோடு பிணையும் அணுக்கள்) இருப்பதைப் பார்த்ததும் எத்திலீன்டையமீனையும் கிளைசினேட்டையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில். அவை இரண்டு முனைகளாலும் ஒரே நேரத்தில் பிடிக்கின்றன. தேர்வு செய்ய அவற்றுக்கு ஒன்றுமில்லை. நைட்ரைட்டு வெளியே எதிர் அயனியாக இருந்தாலும் இணைப்பு மாற்றியம் கிடையாது. அது உலோகத்தைத் தொடவே இல்லையே.

6. வடிவத்தை முடிவுசெய்யுங்கள், பிறகு படம் வரையுங்கள்

அணைவு எண் ஆறு என்றால் எண்முகி. நான்கு என்றால் நின்று யோசிக்க வேண்டும்.

கூட்டல் இரண்டு நிலையில் பிளாட்டினமும் பல்லேடியமும் சதுரத் தளம். நிக்கலுக்கு ஈனியைப் பொறுத்தது: நான்கு சயனைடு இருந்தால் சதுரத் தளம், நான்கு குளோரைடு இருந்தால் நான்முகி. துத்தநாகம் நான்முகி. இது ஏன் முக்கியம் என்றால், நான்முகியில் ஒவ்வொரு மூலையும் மற்ற மூன்றுக்கும் ஒரே தொலைவில் பக்கத்து மூலைதான். எதிர் மூலை என்பதே இல்லை. ஆகவே சிஸ், டிரான்ஸ் கிடையாது.

சதுரத் தளத்தில் இரண்டிரண்டாக ஈனிகள் இருந்தால் இரண்டு மாற்றியங்கள். இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு கொண்ட பிளாட்டினத்தின் சிஸ் வடிவம்தான் புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின். டிரான்ஸ் வடிவத்துக்கு அந்த மருத்துவப் பயன் இல்லை. நான்கும் வெவ்வேறு என்றால் மூன்று மாற்றியங்கள். படம் வரைந்து தேட வேண்டாம். ஒன்றை மேலே நிறுத்துங்கள். அதற்கு நேர் எதிரில் மற்ற மூன்றில் யார் வேண்டுமானாலும் அமரலாம். அவ்வளவுதான்.

7. எண்முகியில் எதிரெதிர் இணைகளை எழுதுங்கள்

நான் அதிகம் நேரம் செலவிடும் படி இது. எண்முகியை ஆறு மூலைகளாகப் பார்த்தால் குழப்பம் தீராது. மூன்று அச்சுகளாகப் பாருங்கள். ஒவ்வோர் அச்சின் இரு முனையிலும் ஓர் ஈனி. ஆறு ஈனிகளையும் மூன்று இணைகளாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று எழுதினால் வடிவ மாற்றியங்கள் எல்லாம் வந்துவிடும். எதுவும் விடுபடாது, எதுவும் இருமுறை வராது.

ஈனிகளுக்கு க, ச, த என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நான்கு க, இரண்டு ச: (கக, கக, சச) என்பது டிரான்ஸ், (கக, கச, கச) என்பது சிஸ். வேறு வழியில் பிரிக்கவே முடியாது. நான்கு அம்மோனியா, இரண்டு குளோரைடு கொண்ட கோபால்ட்டில் டிரான்ஸ் பச்சை, சிஸ் ஊதா.

மூன்று க, மூன்று ச: (கச, கச, கச) என்பதில் மூன்று க-வும் ஒரே முக்கோண முகத்தில் இருக்கும், இது முகப்பு மாற்றியம். (கக, கச, சச) என்பதில் மூன்று க-வும் உலோகத்தைச் சுற்றி ஒரு வளைவில் நிற்கும். இது நெடுவரை மாற்றியம். இங்கே சிஸ், டிரான்ஸ் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

மூன்று க, இரண்டு ச, ஒரு த: (கக, சச, கத), (கக, கச, சத), (கச, கச, கத). மூன்று.

இரண்டிரண்டாக க, ச, த: (கக, சச, தத), (கக, சத, சத), (சச, கத, கத), (தத, கச, கச), (கச, சத, கத). ஐந்து. பொறுமையாகப் படம் வரையும் மாணவர்கள்கூட இதில் நான்கோடு நின்றுவிடுவார்கள். விடுபடுவது எப்போதும் கடைசி வடிவம்தான், ஏனென்றால் அதில் எந்த ஈனியும் தன் இனத்துக்கு எதிரில் இல்லை. கை தானாக அதை வரைவதில்லை.

ஒவ்வோர் இணைப்பட்டியலையும் ஆரஞ்சில் குத்திப் பாருங்கள். இரண்டு பழங்கள் வேறுபோலத் தெரிந்தால் ஒன்றை உருட்டி மற்றதோடு பொருத்துங்கள். பொருந்தினால் ஒரே சேர்மம். உருட்டுவது வேறு, இரண்டு மணிகளைப் பிடுங்கி இடம் மாற்றுவது வேறு. முதலாவதில் பொருள் மாறாது. இரண்டாவதில் நீங்கள் புதிய சேர்மம் செய்துவிட்டீர்கள். தாளில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'திருப்பினேன்' என்று சொல்லி இடம் மாற்றிவைப்பார்கள்.

8. இருமுனை ஈனி வந்தால் கொண்டை ஊசி

எத்திலீன்டையமீன், ஆக்சலேட்டு இரண்டும் குட்டையான கைகள் கொண்டவை. உலோகத்தின் ஒரு பக்கத்தில் பிடித்து எதிர்ப்பக்கம் வரை எட்ட முடியாது. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்த வளைவைப் போலவே கம்பியை வளைத்து, பக்கத்துப் பக்கத்து இரண்டு குச்சிகளில் மாட்டுங்கள். ஒரே அச்சின் இரு முனையிலும் மாட்ட முயன்றால் கம்பி பழத்தைச் சுற்றிவர வேண்டியிருக்கும். அந்த வடிவத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டு எத்திலீன்டையமீனும் இரண்டு குளோரைடும் என்றால் சிஸ், டிரான்ஸ் இரண்டும் உண்டு. மூன்று எத்திலீன்டையமீன் என்றால் வடிவ மாற்றியம் இல்லை. கிளைசினேட்டு போல இரு முனையும் வேறாக இருந்தால், மூன்று சேர்ந்தாலும் முகப்பு, நெடுவரை என இரண்டு உண்டு.

9. கண்ணாடிக் கேள்வி கடைசியில்

ஒளியியல் மாற்றியத்தை மொத்தச் சேர்மத்துக்குக் கேட்கக்கூடாது. மேலே கிடைத்த ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி முன் பழத்தை வையுங்கள். உள்ளே தெரிவதைப் போலவே இன்னொரு பழம் செய்யுங்கள். இரண்டையும் எப்படி உருட்டினாலும் பொருந்தவில்லை என்றால் அந்த வடிவம் இரண்டாக எண்ணப்படும். ஒன்று முனைவுற்ற (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியை வலமாகவும் மற்றது இடமாகவும் சுழற்றும்.

ஒருமுனை ஈனிகள் மட்டும் இருந்தால் குறுக்குவழி உண்டு. ஏதேனும் ஓர் அச்சின் இரு முனையிலும் ஒரே ஈனி இருந்தால், அந்த அச்சுக்குச் செங்குத்தான தளம் மூலக்கூறைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. சமச்சீர் தளம் வந்துவிட்டது, ஒளியியல் மாற்றியம் போய்விட்டது. ஆகவே ஏழாம் படியில் கிடைத்த ஐந்தில் முதல் நான்கும் அடிபடும். (கச, சத, கத) மட்டும் கண்ணாடி இணையாகப் பிரியும். மொத்தம் ஆறு. தலைகீழாகப் படித்து, ஒத்த அச்சு இல்லை என்றாலே ஒளியியல் மாற்றியம் உண்டு என்று எழுதிவிடாதீர்கள். (கச, கச, கச) என்ற முகப்பு வடிவத்தில் ஒத்த அச்சு இல்லை, ஆனால் வேறு திசையில் சமச்சீர் தளம் இருக்கிறது. ஆறு ஈனிகளும் வேறானால் இணைகளாகப் பிரிக்கப் பதினைந்து வழிகள், ஒவ்வொன்றும் இரட்டை, ஆக முப்பது.

கொண்டை ஊசி இருக்கும் இடத்தில் இந்தக் குறுக்குவழியை நம்பாதீர்கள். இரண்டு எத்திலீன்டையமீன் கொண்ட சிஸ் வடிவத்தில் ஓர் அச்சின் இரு முனையிலும் நைட்ரசன்தான். 'ஒத்த அச்சு, ஆகவே சமச்சீர்' என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே எழுதிவிடுகிறார்கள். அந்தத் தளத்தில் பிரதிபலித்தால் நைட்ரசன்கள் இடம் மாறும், ஆனால் எது எதோடு கம்பியால் கட்டப்பட்டிருந்ததோ அந்தக் கட்டு மாறிவிடும். சமச்சீர் இல்லை. சிஸ் வடிவம் இரண்டு, டிரான்ஸ் வடிவம் ஒன்று, ஆக மூன்று.

மூன்று எத்திலீன்டையமீன் உள்ள கோபால்ட்டு மூன்று இறக்கை மின்விசிறி போன்றது. இறக்கைகளின் சாய்வு கண்ணாடியில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். உருட்டினாலும் சாய்வு மாறாது. அதனால் வடிவ மாற்றியம் இல்லாமலேயே ஒளியியல் மாற்றியம் இரண்டு. சதுரத் தளத்தில் பொதுவாக இந்தக் கேள்வி தேவையில்லை, மூலக்கூறு படுத்திருக்கும் தளமே சமச்சீர் தளம். நான்முகியில் ஒருமுனை ஈனிகள் மட்டுமே என்றால், நான்கும் வேறாக இருந்தால் மட்டும் கேளுங்கள்.

10. ஒரு முழுக் கணக்கு

கோபால்ட்டோடு இரண்டு எத்திலீன்டையமீன், இரண்டு குளோரைடு உள்ளே, புரோமைடு வெளியே. இதே வாய்பாட்டுக்கு மொத்தம் எத்தனை மாற்றியங்கள்?

வெளியே உள்ளது உள்ளே போகுமா? போகும். உள்ளே ஒரு குளோரைடும் ஒரு புரோமைடும், வெளியே குளோரைடு என்று இரண்டாம் சேர்மம் கிடைக்கிறது. நீர் இல்லை. எதிர் அயனி அணைவு இல்லை. இரு வழியில் இணையும் ஈனி இல்லை. ஆக, எது எதோடு இணைந்திருக்கிறது என்ற வகையில் இரண்டு சேர்மங்கள். தாளை நடுவில் மடித்து இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள்.

முதல் சேர்மம் எண்முகி. டிரான்ஸ் ஒன்று, அதில் சமச்சீர் தளம் உண்டு. சிஸ் ஒன்று, அது கண்ணாடி இணையாகப் பிரியும். மூன்று.

இரண்டாம் சேர்மம். குளோரைடும் புரோமைடும் எதிரெதிரே இருந்தால் டிரான்ஸ். இரு குளோரைடு இருந்தபோது கிடைத்த கிடைத்தளம் இப்போது சமச்சீர் தளம் அல்ல, ஆனால் அச்சு வழியாகச் செல்லும் செங்குத்துத் தளம் இருக்கிறது, ஆகவே ஒன்றுதான். பக்கத்தில் இருந்தால் சிஸ், அது இரண்டு. மூன்று.

மொத்தம் ஆறு. விடையை எழுதிய பிறகு இரண்டாம் சேர்மத்தின் சிஸ் வடிவத்தைக் கம்பி மாட்டி ஒருமுறை கண்ணாடி முன் வைத்துப் பாருங்கள். அந்த ஒன்றில்தான் என் மாணவர்கள் இன்னமும் அடம்பிடித்து வாதாடுகிறார்கள்.